கரண்ட் உள்ளபோதே பரீட்சை வை

டிஜிற்றல் கணிப்பீடு பற்றிய செயலமர்வுக்குப் போய் வந்துவிட்டீர்கள். கையில் ஒரு சான்றிதழ், பையில் ஒரு பென்ட்ரைவ், வயிற்றில் மத்தியானச் சோற்றுப் பார்சல். வளவாளர் காட்டிய படங்களில் பிள்ளைகள் எல்லாரும் ரப்லெற்றைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாளைக் காலை தரம் 11க்கு அலகுப் பரீட்சை. அதை இனிப் பழைய மாதிரி வைக்கக் கூடாது என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொல்கிறது. அந்தக் குரல் அடங்குவதற்குள் இந்த வழிகாட்டியை வாசித்துவிடுங்கள்.

எழுதுகிறவன் தர்மபுரத்தில் கணிதம் படிப்பிக்கிறவன். தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைப் போட்டால் மயிலாடுதுறை ஆதீனம் வரும், தர்மபுரி மாவட்டம் வரும். அவை இரண்டும் இல்லை இது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கு முன்னால் வருகிற தர்மபுரம்.

முதற்படி: சொற்களைப் பிரித்து அறியுங்கள்

எங்கள் கல்வியியல் பாடத்தில் இரண்டு சொற்கள் உண்டு: கணிப்பீடு, மதிப்பீடு. பிள்ளைக்கு எந்த இடத்தில் பிழைக்கிறது என்று தேடிப் பார்ப்பது கணிப்பீடு. எத்தனை புள்ளி என்று எழுதி முடிப்பது மதிப்பீடு. 1990களின் கடைசியில் வந்த கல்விச் சீர்திருத்தத்தோடு பாடசாலை மட்டக் கணிப்பீடு என்று ஒன்று வந்தபோது நோக்கம் முதலாவதுதான். வந்த வேகத்திலேயே அது கோவையாகி, அட்டவணையாகி, மூன்று பிரதியாகி அலுமாரிக்குள் போய்விட்டது. இப்போது அதே அட்டவணை திரையில் வருகிறது. ஆகவே உங்கள் கடமை எளிது. கணிப்பீடு என்ற சொல்லை எல்லா இடத்திலும் பாவியுங்கள், மதிப்பீட்டைச் செய்யுங்கள். இதுவரை யாரும் பிடிபட்டதில்லை.

இரண்டாம் படி: கருவிகளை எண்ணுங்கள்

வகுப்பில் போய், "வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிற ஆக்கள் கையை உயர்த்துங்கோ" என்று கேளுங்கள். ஏறக்குறைய எல்லாக் கையும் உயரும். உடனே அந்த எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும். அறிக்கைக்கு அது போதும். இரண்டாவது கேள்வி கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டுத்தான் கெட்டேன்: "அந்தப் போன் பகலில எங்க நிக்கும்?"

"அம்மா விடியக் காத்தால காமன்ற்ஸ் பக்ரறி வானில போயிடுவா சேர். போனும் அவவோட போயிடும்."

"அப்பா மேசன் வேலைக்குக் கொழும்பில சேர். போன் அவரிட்ட."

"எங்கட வீட்டில இருக்கு சேர். ஆனா அண்ணா, நான், தங்கச்சி மூண்டு பேருக்கும் ஒண்டு. அண்ணா ஏ.எல்."

ஏ.எல். என்ற சொல்லோடு பேச்சு முடிந்தது. உயர்தரம் படிக்கிற அண்ணன் உள்ள வீட்டில் போனுக்கு வாரிசுரிமை ஐயத்துக்கு இடமின்றி அண்ணனுக்கே. ஆகவே தர்மபுரத்தில் இணையவழிப் பரீட்சைக்கு உகந்த நேரம், அம்மா வேலையால் வந்து, சமைத்து, அண்ணன் நித்திரையாகி, இரவு டேற்றா தொடங்கிய பிறகு. மலிவுப் பொதிகள் பலவற்றில் டேற்றாவின் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பின்னால்தான் திறக்கும். 2021இல் எனக்கு விடைத்தாள் வந்த நேரங்கள் இரவு 12.10, 12.40, 1.15. அவ்வளவு படிப்பார்வம் என்று அப்போது பெருமைப்பட்டேன்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். ஏனென்றால் எங்கள் நாட்டில் டிஜிற்றல் பரீட்சை என்பது செயலமர்வில் பிறந்ததில்லை, கொரோனாவில் பிறந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டன. கொழும்பில் ஸூம். எங்களுக்கு வட்ஸ்அப். வீடியோ போட்டால் டேற்றா தின்னும் என்பதால் குரல் பதிவு. ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். பின்னணியில் கோழியும் மழையும் இருக்கும். அதையும் சேர்த்துத்தான் பிள்ளைகள் பாடமாக்கினார்கள். கிழமைக் கடைசியில் வினாத்தாளைப் படம் பிடித்துப் போடுவோம். பிள்ளைகள் கொப்பியில் எழுதி, படம் பிடித்துத் திருப்பி அனுப்புவார்கள்.

2021இல் என்னுடைய தரம் 8 வகுப்பில் 36 பிள்ளைகள். ஆளுக்கு நாலு பக்கம். 144 படங்கள். இப்போது உங்கள் போனை எடுங்கள், நான் சொல்வது போல் செய்து பாருங்கள். முதற்படம் தலைகீழாக இருக்கும். போனைத் திருப்புவீர்கள், படமும் கூடவே திரும்பும். திரையைப் பூட்டிவிட்டுத் திருப்புங்கள். இரண்டாவது படத்தில் விடையை விடப் பெருவிரல் பெரிதாகத் தெரியும். மூன்றாவது, குப்பைமேனி இலைக்கு மேல் வைத்து வெயிலில் எடுத்தது; கொப்பியின் பாதியில் வேலி நிழல். இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பித்தால் எழுத்து கலங்கும், சிறுப்பித்தால் தெரியாது. நடுவில் ஓர் அளவு இருக்கிறது; அதைக் கண்டுபிடிக்கும்போது போன் பற்றரி 9 சதவீதம் என்று சொல்லும். 6 தானா 0 தானா என்று ஒரு பிள்ளையின் விடையை நான் கால்மணி நேரம் ஆராய்ந்திருக்கிறேன். கடைசியில் அது கொப்பியில் இருந்த நுளம்பு.

இன்னொன்றும் கவனித்தேன். 17 விடைத்தாள்களில் ஐந்தாம் கேள்வியின் மூன்றாம் வரி ஒரே மாதிரி வெட்டி, ஒரே மாதிரித் திருத்தப்பட்டிருந்தது. பார்த்து எழுதுவது பழைய பழக்கம். வெட்டியதையும் பார்த்து வெட்டுவது டிஜிற்றல் காலத்துப் பொறுப்புணர்வு. அக்காமார் எழுதிக்கொடுத்தவை தனி ரகம்: பிள்ளையின் பெயர் மட்டும் கோணலாக இருக்கும், மிச்சமெல்லாம் முத்து. அந்த வருடம் நான் புள்ளி போட்டது ஊரிலுள்ள அக்காமாருக்கு. அவர்கள் நன்றாகவே செய்திருந்தார்கள்.

2021 யூலை 12இல் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலில் இருந்து விலகின. ஒக்ரோபர் வரை குழுக்கள் அமைதி. போனில் அந்த நாட்களில்தான் இடம் மிஞ்சியது.

நாலாம் படி: மின்சாரத்தை முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள்

மூன்றாம் படியை எழுதிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. சேமிக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று பின்னால் ஞாபகம் வந்தால் சொல்கிறேன்.

டிஜிற்றலுக்குச் சொல்லப்படும் பெரிய நியாயம், காகிதம் மிச்சம். 2022 மார்ச்சில் அந்த நியாயத்தைச் சோதித்துப் பார்க்க நாட்டுக்கே ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. டொலர் இல்லாததால் காகிதமும் மையும் இறக்க முடியாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிவைக்கப்பட்டது. சரி, காகிதம்தான் இல்லையே, திரையில் வைத்திருக்கலாம் என்பீர்கள். அதே மார்ச் முடியும்போது நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. காகிதமும் இல்லை, கரண்டும் இல்லை. கரும்பலகை மட்டும் வேலை செய்தது. அதற்கும் வெண்கட்டி விலை ஏறியிருந்தது.

வன்னிச் சனத்துக்கு இது புதிதில்லை. யுத்த காலத்தில் வெளியில் இருந்து மின்கம்பியும் வராது, பற்றரியும் வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் இது. அந்த முறையில் ஒரு றவுட்டரை ஓட்டலாமா என்று ஒரு உயர்தர மாணவன் என்னிடம் கேட்டான். ஓட்டலாம். ஆனால் 34 பிள்ளைகள் பரீட்சை எழுத யார் மூன்று மணித்தியாலம் பெடல் சுற்றுவது? "மேற்பார்வையாளர்தான் சேர். சும்மாதானே நடந்து திரியிறவை" என்றான். பரிந்துரையை அப்படியே இங்கே பதிவு செய்கிறேன்.

நவம்பர் கடைசியில் மட்டும் எதுவும் திட்டமிடாதீர்கள். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை தொடங்கி இரண்டாம் நாளோடு வெள்ளத்தால் நிறுத்தப்பட்டது. 2025 நவம்பரில் அதே பரீட்சையை டித்வா புயல் நிறுத்தியது. மிச்சப் பாடங்கள் சனவரிக்குப் போயின. இது காகிதத்தில் நடக்கும் பரீட்சையின் கதை. காகிதம் நனைந்தால் காயப்போடலாம். றவுட்டரைக் காயப்போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

கணினி அறையைப் பற்றி ஒரு பந்தி

செருப்பைக் கழற்றுங்கள். திறப்பு இருக்கிற ரீச்சர் லீவில் நிற்கிறா. நன்றி.

ஐந்தாம் படி: கேள்வியைக் கருவிக்கு ஏற்ற மாதிரி வெட்டுங்கள்

கூகிள் ஃபோம் முதலான எல்லாக் கருவிகளுக்கும் பிடித்த ஒரே கேள்வி பல்தேர்வு. சாதாரணதரக் கணித வினாத்தாளிலோ பல்தேர்வே கிடையாது. முதற்பத்திரத்தில் 25 சிறுவினா, 5 அமைப்புவினா. இரண்டாம் பத்திரம் முழுக்க வழி காட்டிச் செய்ய வேண்டியவை. இடைப்படிக்குப் புள்ளி உண்டு. விடை பிழைத்தாலும் முறை சரியென்றால் பிள்ளை பாதிக் கரை சேரும். இயந்திரத்துக்கு இடைப்படி தெரியாது. மேசையில் வைத்தால் கறி, கீழே விழுந்தால் குப்பை என்கிற மாதிரி அதற்குச் சரி அல்லது பிழை. எழுதவிட்ட ஒரு சிறுவினாவுக்கு ஒரு பிள்ளை 12 என்று எழுதாமல் "12 ச.மீ." என்று எழுதினாள். அலகோடு எழுதச் சொல்லி ஐந்து வருடம் தொண்டை கிழியக் கத்தினவன் நான். ஃபோம் பூச்சியம் போட்டது.

விஞ்ஞான ரீச்சருக்கு வேறு பிரச்சினை, ஆனால் அதற்கு மருந்தும் கூடவே வந்தது. வீட்டு ஒப்படையைப் பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருகிறார்கள். அதைப் பிடிக்க மென்பொருள் தேடத் தேவையில்லை. எங்கள் பிள்ளை காபனீரொட்சைட்டு என்று எழுதும். அது கார்பன் டை ஆக்சைடு என்று எழுதும். எங்கள் பிள்ளைக்கு அமுக்கம், அதற்கு அழுத்தம். எங்களுக்குத் திரிகோணகணிதம், அதற்கு முக்கோணவியல். தர்மபுரத்துப் பொடியன் ஒரே இரவில் சென்னைப் பாடப்புத்தகத் தமிழில் எழுதத் தொடங்கினால் ரீச்சர் ஒன்றும் பேசுவதில்லை. "இஞ்ச வா ராசா, இந்த ஆக்சிஜன் ஆர்?" என்று மட்டும் கேட்பா.

இணைப்பு அனுப்புவதென்றால் முதலில் நீங்கள் அழுத்திப் பாருங்கள். தரம் 6 ஆங்கிலப் பாடத்தொகுதியில் அச்சான ஓர் இணைய முகவரி பிள்ளைகள் பார்க்கக்கூடாத தளத்துக்குப் போக, 2026இல் தொடங்க இருந்த தரம் 6 சீர்திருத்தமே அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போனது. நாடளாவிய அளவில் இப்படி ஒரு குழப்பத்தை உங்களால் செய்ய முடியாது. ஆனால் ஒரு வட்ஸ்அப் குழுவைக் குழப்ப ஒரு பிழையான இணைப்பு தாராளம்.

ஆறாம் படி: பிரதி எடுத்து வையுங்கள்

புள்ளிகளை மேகத்தில் சேமியுங்கள் என்று செயலமர்வில் சொன்னார்கள். எங்கள் மேகம் டிசம்பரில் என்ன செய்யும் என்பது இரணைமடுக் குளத்துக்குக் கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியும். 2018 டிசம்பர் வெள்ளத்தை இன்னும் யாரும் மறக்கவில்லை. பிரதி எடுத்து வைக்கும் கலையை நான் கற்றது வேறு இடத்தில். 2008 கடைசியில், 2009 தொடக்கத்தில் கிளிநொச்சிச் சனம் எல்லாம் யுத்தத்தில் இடம்பெயர்ந்து இந்த வீதியால்தான் வந்தது. தர்மபுரம் நிறைந்து, பிறகு தர்மபுரமும் சேர்ந்து எழும்பி விசுவமடுவுக்கும் அப்பாலும் போனது. சட்டி பானையை விட்டார்கள், மோட்டார் சைக்கிளை விட்டார்கள். பிறப்பு அத்தாட்சியும் ஓ.எல். பெறுபேற்றுச் சான்றிதழும் ஒரு சொப்பிங் பைக்குள், அதுக்கு மேல் இன்னொரு சொப்பிங் பை, முடிச்சு, அம்மாவின் சட்டைக்குள். அந்தப் பை மெனிக் பாம் முகாம் வரை போய்த் திரும்பி வந்தது. இன்றைக்கும் ஒரு பிள்ளையின் சான்றிதழைச் சரிபார்க்கக் கேட்டால் சில அம்மாமார் அந்தப் பையோடுதான் வருகிறார்கள். கடவுச்சொல் தேவையில்லை. முடிச்சை அவிழ்க்க அந்த அம்மாவால் மட்டும்தான் முடியும்.

ஏழாம் படி: இயந்திரத்துக்கு மரியாதை செய்யுங்கள்

பல்தேர்வு விடைத்தாளை இயந்திரம் திருத்தலாம் என்று செய்து காட்டியவர் ஓர் உயர்நிலைப் பள்ளி விஞ்ஞான வாத்தியார் என்பதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை உண்டு. ரெனல்ட் ஜோன்சன், அமெரிக்காவின் மிச்சிகனில் படிப்பித்தவர். சின்ன வயதில் அக்காமாரைப் பார்க்க வரும் பொடியன்களின் கார் ஸ்பார்க் பிளக்கில் பென்சிலால் கிறுக்கிவிடுவாராம். பென்சில் கரி மின்சாரத்தைக் கடத்தும், கார் கிளம்பாது. அந்தக் குழப்படியே பிறகு கருவியானது: பென்சில் அடையாளத்துக்குள் மின்சாரம் ஓடுகிறதா என்று பார்த்து விடையைக் கண்டுபிடிப்பது. ஐபிஎம் அதை வாங்கி 1930களில் இயந்திரமாக வெளியிட்டது. அதே மனிதர் பின்னால் 1956இல் வந்த முதல் ஹார்ட் டிஸ்க்கையும் உருவாக்கிய குழுவுக்குத் தலைவர். ஒரு வாத்தியார் திருத்தல் வேலைக்குப் பயந்தால் எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

எங்களிடம் உள்ள இயந்திரம் துளைத்தாள். ஒரு வெற்று விடைத்தாளில் சரியான விடைகள் உள்ள இடங்களை ஓட்டையாக்கி, பிள்ளையின் தாளுக்கு மேல் வைத்து, ஓட்டைக்குள் தெரியும் புள்ளடிகளை எண்ணுவது. பிளேடால் வெட்டச் சொல்வார்கள். நான் ஊதுபத்தியால் சுடுகிறவன். ஓட்டை வட்டமாக வரும், வீடும் மணக்கும். 40 கேள்வித் தாள் ஒன்று அரை நிமிடம். சிக்னல் தேவையில்லை. இரண்டு புள்ளடி போட்டவனை மட்டும் முதலில் பிடித்துக் கோடு கீற வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டை அவனுக்குப் பரிசு கொடுத்துவிடும்.

இவ்வளவும் சொன்ன நான் ஒரு செயலியைப் பாவிக்கிறேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும். பிளிக்கர்ஸ் என்று பெயர். பிள்ளைகளிடம் போன் தேவையில்லை என்பதுதான் அதில் விசேஷம். ஆளுக்கொரு காகித அட்டை. அதில் கட்டம் கட்டமாக ஓர் உருவம். அட்டையை எந்தப் பக்கம் மேலே வரப் பிடிக்கிறார்களோ அதுவே விடை. ஒவ்வொருவரின் உருவமும் வேறு, ஆகவே பக்கத்தில் இருப்பவளைப் பார்த்துப் பிரயோசனமில்லை. நான் முன்னால் நின்று என்னுடைய உடைந்த திரைப் போனால் வகுப்பை ஒருமுறை துளாவினால், யார் எதைச் சொன்னார்கள் என்று வந்துவிடும். அட்டைகளை நானே அச்சடித்து, பழைய கலண்டர் மட்டையில் ஒட்டினேன். பசைக்குக் கோதுமை மா. அதை எறும்பு அரித்து ஏழாம் இலக்க அட்டை இப்போது ஏழாம் இலக்கமில்லை.

2024இல் ஒரு நாள், தரம் 11. இலகுவாகத் தொடங்குவோம் என்று ஒரு கேள்வி எழுதினேன்.

−3 − 5 = ?

விடைகள் நாலு: 2, 8, −2, −8. அட்டைகள் உயர்ந்தன. போனைப் பிடித்தேன். 34 பேரில் 21 பேர் 8.

இரண்டு மூன்று பேர் என்றால் கவனக்குறைவு. 21 பேர் ஒரே விடை என்றால் அது யாரோ படிப்பித்தது. 144 படங்களில் நான் ஒருநாளும் காணாததை அந்தக் காகித மட்டைகள் அரை நிமிடத்தில் காட்டிவிட்டன. ஞாபகம் வந்துவிட்டது, மூன்றாம் படி இதுதான்: பிழை வந்தால் புள்ளியைக் குறைத்துவிட்டுப் போகாமல், எப்படி வந்தது என்று பிள்ளையைக் கேளுங்கள்.

கேட்டேன். முன்வாங்கில் இருந்தவள் எழும்பினாள்.

"சயவும் சயவும் சக எண்டு படிச்சனாங்கள் சேர்."

"அது பெருக்கலுக்கு எல்லோ. கூட்டல் கழித்தலுக்கு இல்லை. ஆர் உப்பிடிப் படிப்பிச்சது? ரியூசனிலயா?"

"இல்லை சேர்."

"பின்ன?"

"வட்ஸ்அப்பில சேர்."

"வட்ஸ்அப்பில கண்டதையும் பார்த்துப் படிக்கிறதோ? எந்த வட்ஸ்அப்பில?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். பின்வாங்கில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினான்.

அன்றிரவு கரண்ட் இருந்தது. பழைய தரம் 8 குழுவைத் தேடி எடுத்து, மேலே மேலே தள்ளிக்கொண்டு போனேன். திருவிழா வாழ்த்துகள், மரண அறிவித்தல்கள், தலைகீழ்ப் படங்கள். 2021 யூன். 47 விநாடிக் குரல் பதிவு ஒன்று. அழுத்தினேன். கோழி கூவியது. மழை இரைந்தது. அதற்குள்ளால் என்னுடைய குரல்: "...வேற ஒண்டும் யோசிக்கத் தேவையில்லை பிள்ளைகள். சயவும் சயவும் சக. பாடமாக்கி வையுங்கோ."

அதற்குக் கீழே வரிசையாக 22 கும்பிடு.